புறப்பட்டோர் பட்டியலில் ஒருத்தி அதிகம்

திங்கட்கிழமை. காலை 9.20.

பிணம் தானாகவே படியேறி வந்தது.

அதன் இரண்டு கைகளிலும் மஞ்சள் பூங்கொத்துகள். ஒன்றின்மேல் ஒன்றாக, முகம் தெரியாத உயரத்துக்கு. பூக்களுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"என்னைக் கொன்ன மகராசன் யாருங்க இங்க?"

மாதப் பத்திரிகையின் மாடியறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். தொலைபேசியைக் கவனிக்கும் மணியக்கா. படம் போடும் ஓவியர். மூலை மேசையில், மூக்குக் கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக, மெய்ப்புத் திருத்துகிறவள். இவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பதினான்கு வருடங்களாக அச்சுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தும் அவள் கண்வழியாகத்தான் போகிறது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வாள்.

பூக்கள் மேசைமேல் சரிந்தன. முகம் தெரிந்தது. மணியக்கா "அம்மாடி!" என்று ரிசீவரைக் கீழே போட்டாள்.

காரணம் இருந்தது. சனிக்கிழமை வெளியான இதழின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாள் செத்துப்போயிருந்தார்.

அந்தப் பக்கத்துக்கு 'இம்மாதம் புறப்பட்டோர்' என்று பெயர். ஒரு மாதத்தில் எந்தெந்தத் துறையில் யார் யார் பேர்பெற்று மறைந்தார்களோ, அத்தனை பேரும் அதில் வரிசையாக நிற்பார்கள். போன மாதம் பதினொரு பேர். பாலம் கட்டிய பொறியாளர், ஒரே கணக்கை முப்பது வருடம் போட்ட கணித மேதை, கடல் நீந்திய வீரர், கண் மருத்துவர், மேடைப் பாடகி, விதை ஆராய்ச்சிக்காரர், சதுரங்க வீராங்கனை, கோமாளி நடிகர், வரைபடம் தயாரித்தவர், குத்துச்சண்டைக்காரர். உயிரோடு இருந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள், ஒரே மாதத்தில் கிளம்பியதால் அண்டை வீட்டுக்காரர்கள் ஆனார்கள். பதினொன்றாவதாக, சர்க்கஸ் ஊஞ்சலில் பறந்த வீராங்கனை. உலகம் அவரை மின்னல் என்று அழைத்தது. 17-ம் தேதி மாலை 5.40க்கு மறைந்தார் என்று அச்சாகியிருந்தது.

அந்த மின்னல்தான் இப்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை மதியத்துலேர்ந்து வீட்டு வாசல்ல கூட்டம். எல்லார் கையிலும் மஞ்சள் பூ. 'மலர் தர விரும்புவோர் மஞ்சள் மலர்களையே தரவும்'னு வேற போட்டிருக்கீங்க. கதவைத் திறந்து 'வாங்க'ன்னா, ரெண்டு பேர் மயக்கம். துக்கம் விசாரிக்க வந்தவங்களுக்கு டீ போட்டே நான் உண்மையிலேயே போயிருப்பேன்!"

அந்த நேரம் பார்த்து, கழுவிய டம்ளரோடு உள்ளே வந்தார் அந்தக் கடைசிப் பக்கத்தின் ஆசிரியர். பூதக்கண்ணாடியின் கணவர். அலுவலகத்தில் அவர் பெயர் சித்திரகுப்தன். மின்னலைப் பார்த்தார். டம்ளர் உருண்டது.

"நீங்க... நீங்க புறப்பட்டுட்டீங்களே!"

"பாதி வழியில திரும்பி வந்துட்டேன். நீங்கதான் எழுதினதா? நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு இடத்துல எனக்கே அழுகை வந்துச்சு. ஆனா அந்தப் படம்! என் மூக்கு என்ன அவ்வளவு நீளமா?"

ஓவியர் மெல்ல ஒரு பூங்கொத்துக்குப் பின்னால் ஒளிந்தார்.

காலை 9.45.

தொலைபேசி அடித்தது. முதலாளி. மணியக்கா ரிசீவரை சித்திரகுப்தனிடம் நீட்டியபோதே அவர் முகம் வெளுத்தது. மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நாலு மணிக்கு வர்றேன். இதைப் பண்ணது யாருன்னு அதுக்குள்ள தெரியணும். தெரியலன்னா அந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கத்து ஆளும் கிடையாது!"

சித்திரகுப்தன் ரிசீவரை வைத்தார். அவருக்கு வேறு வேலை தெரியாது. செத்தவர்களைப் பற்றிச் சுவையாக எழுதத் தெரிந்தவருக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்?

"ஏங்க, இடிஞ்சு உக்காராதீங்க. அலமாரியத் திறங்க," என்றாள் பூதக்கண்ணாடி.

காலை 9.55. கோப்பறை.

மனிதன் இறந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பத்திரிகை நடத்த முடியாது. ஆகவே பேர்பெற்ற ஒவ்வொருவருக்கும் உயிரோடு இருக்கும்போதே ஒரு உறை தயாராக இருக்கும். வாழ்க்கைக் குறிப்பு, பழக்க வழக்கம், புகைப்படம் எல்லாம் உள்ளே. அலமாரியின் மேல் இழுப்பறையில் 'காத்திருப்போர்' என்று எழுதியிருக்கும். கீழ் இழுப்பறையில் 'புறப்பட்டோர்'. யாராவது இறந்த செய்தி வந்தால், செய்தி கேட்டவர் ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் நேரமும் எழுதி, அந்த உறைக்குள் செருகி, கீழ் இழுப்பறைக்கு மாற்றிவிட வேண்டும். சித்திரகுப்தன் கீழே குனிந்து பார்ப்பார், எழுதுவார்.

"பத்தொன்பதாம் தேதி திங்கக்கிழமை காலையில வந்து பாக்குறேன், இவங்க உறை கீழ இருந்துச்சு," என்றார் அவர். "அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் போறவரைக்கும் கீழ இல்ல. அதுக்கப்புறம் நான் குனிஞ்சு பாக்கல."

"ஒரு போன் போட்டுக் கேக்கலாம்ல?"

"போட்டேன்டி! யாரும் எடுக்கல. செத்த வீட்ல யாரு போன் எடுப்பாங்கன்னு விட்டுட்டேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மின்னல் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா, நான் குளிச்சிட்டு இருந்திருப்பேன்!"

பூதக்கண்ணாடி உறையைக் கொட்டினாள். குறிப்புகள் இருந்தன. சீட்டு இருந்தது. பென்சிலில் மூன்று வரி.

17.
மாலை 5.40.
மஞ்சள் பூ.

"பூவைப் பத்தி எழுதியிருந்ததால, வீட்டுக்காரங்க ஆசைப்பட்டாங்கன்னு நினைச்சுப் போட்டேன்," என்றார் சித்திரகுப்தன்.

"போட்டோ எங்க?"

"உறையில இல்ல. எப்பவும் ஒண்ணு இருக்கும். அதனாலதான் ஓவியரை வரையச் சொன்னேன்."

அவள் மற்றப் பத்து உறைகளின் சீட்டுகளையும் எடுத்து மேசையில் பரப்பினாள். பொறியாளர், கணித மேதை, நீச்சல் வீரர், மருத்துவர் என்று பத்துப் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி மின்னலை வைத்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிழை இருக்கும் வரி தனியாகத் துடிக்கும் என்பது அவள் அனுபவம். அது துடித்தது.

காலை 10.30.

வெள்ளிக்கிழமை மதியம் கோப்பறை பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. வெளியிலிருந்து வரும் செய்தியைச் சேர்க்க மணியக்காவிடம் ஒன்று. படம் எடுக்க ஓவியரிடம் ஒன்று. அச்சுப்படியை உள்ளே வைத்துப் போகக் கீழ்த்தள அச்சுக்கூடத்துப் போர்மேனிடம் ஒன்று. அச்சு எழுத்தோடும் ஈயத்தோடும் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்ததால் அவருக்கு ஈயம் என்றே பெயர்.

"மணியக்கா, இந்தச் சீட்டு உங்களுதா?"

"என் மேல சந்தேகமா? என் கையெழுத்து உருண்டை உருண்டையா இருக்கும், உனக்குத் தெரியாதா? அதுவும் இல்லாம, சொன்னவங்க பேரை நான் எழுதாம விடமாட்டேன். பாலம் கட்டினவருக்கு 'மருமகன் சொன்னார்'. கோமாளிக்கு 'தங்கச்சி சொன்னாங்க, சிரிச்சுக்கிட்டே அழுதாங்க'ன்னுகூட எழுதியிருக்கேன்."

"ஓவியரே, நீங்க போட்டோவ எடுத்தீங்களா?"

"எடுத்திருந்தா அந்த மூக்கை நான் ஏன்மா அப்படி வரையப்போறேன்? ரெண்டு நாள் தூக்கம் போச்சு. ஞாபகத்துல வரைஞ்சேன். மூக்கு மட்டும் எங்க பெரியம்மா மூக்கா வந்துடுச்சு."

"ஈயம் அண்ணன் எங்க?"

"கீழதான் இருக்காரு," என்றாள் மணியக்கா. "பல்வலின்னு பத்தொன்பதாம் தேதியிலேர்ந்து ரெண்டு வாரம் லீவு. இன்னைக்குத்தான் வந்தாரு. அவரு லீவு போட்டதே அதிசயம். பாவம், பக்கத்தை அவருக்கு அடுத்த ஆள்தான் கோத்தது. மேல இவ்வளவு கூத்து நடக்குது, எட்டிக்கூடப் பாக்கல மனுஷன்."

காலை 11.15. அச்சுக்கூடம்.

இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. ஈயம் எழுத்துப் பெட்டியின் முன் நின்று, பார்க்காமலே எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் வறுத்த வேர்க்கடலை. நடுநடுவே ஒன்றிரண்டை வாயில் போட்டு நறநறவென்று மென்றார்.

"பல்லு எப்படிண்ணா இருக்கு?"

மெல்லுவது சட்டென்று நின்றது. "பரவாயில்லம்மா."

"எந்தப் பக்கம் வலி?"

"இந்தப் பக்கம்." அவர் காட்டிய பக்கத்துக் கன்னம்தான் கடலையால் உப்பியிருந்தது.

"மேல மின்னல் அம்மா வந்திருக்காங்க. உயிரோட. பாக்க வரலையா?"

"வேலை இருக்கும்மா. நிறைய இருக்கு." அவர் காது சிவந்தது. கோத்துக்கொண்டிருந்த வரியில் ஒரு எழுத்தைத் தலைகீழாக வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தலைகீழாக வைத்த முதல் எழுத்து அது. பூதக்கண்ணாடி அதைத் திருப்பி வைத்துவிட்டு மேலே போனாள்.

மதியம் 1.10.

மின்னல் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். மணியக்காவின் சாப்பாட்டில் பாதியைப் பகிர்ந்துகொண்டு, அந்தரத்தில் மூன்று குட்டிக்கரணம் போடுவது எப்படி என்று ஓவியருக்கு முள்கரண்டியால் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்று அருகில் போய் உட்கார்ந்தாள் பூதக்கண்ணாடி. "பதினேழாம் தேதி மாலை அஞ்சு நாப்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"செத்தவகிட்டயே சாட்சி கேக்குறியா? எங்க இருப்பேன், படகுலதான். தினமும் அஞ்சு நாப்பது படகுல ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போவேன். ஊஞ்சல் ஆடுன உடம்பு, ஏதாவது அசைஞ்சுக்கிட்டே இருக்கணும்."

"மஞ்சள் பூ பிடிக்குமா?"

"அதுன்னா உசுரு. எப்படித் தெரியும்?"

"உங்க உறையில ரெண்டும் எழுதியிருக்கு. சரி, அன்னைக்குப் படகுல யாராவது மஞ்சள் பூ வச்சிருந்தாங்களா?"

மின்னலின் கை நின்றது. கண்கள் மெல்ல விரிந்தன.

"ஆமா! எதிர் பெஞ்சுல ஒருத்தர். தொப்பியைக் கண்ணுவரைக்கும் இழுத்து விட்டிருந்தாரு. மடியில ஒரு கொத்து. வாயைத் திறப்பாரு, மூடுவாரு. கரையில போட்ட மீன் மாதிரி. அக்கரை வந்ததும் பூவை பெஞ்சுலயே விட்டுட்டு ஓடினாரு பாரு, நான் கூப்பிடக் கூப்பிட! அந்தப் பூவை நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பத்து நாள் வாடாம இருந்துச்சு."

மதியம் 1.40.

படிக்கட்டின் திருப்பத்தில் கணவனும் மனைவியும் கிசுகிசுத்தார்கள். அவள் சொன்ன பெயரைக் கேட்டதும் சித்திரகுப்தன் தலையில் கைவைத்தார்.

"சொல்லிடாதடி. அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவாரு முதலாளி. அந்த மனுஷனுக்கு வீடு வாசல் எல்லாம் அந்த மிஷின்தான்."

"சொல்லலன்னா உங்களைத் தூக்குவாரு."

"எனக்கு நீ இருக்க. அவருக்கு யார் இருக்கா?"

அவள் கணவரைப் பார்த்தாள். பதினொரு பேரின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் அடக்குகிறவர், தன் வயிற்றுப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

"ரெண்டு பேரும் போகாம நான் பாத்துக்கறேன். நீங்க வாயை மூடிட்டு நில்லுங்க. அது போதும்."

மாலை 4.00.

முதலாளி வந்தார். முதலில் மின்னலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பூக்களைப் பார்த்துத் தும்மினார்.

"சரி. யாரு?"

பூதக்கண்ணாடி எழுந்தாள். பத்துச் சீட்டுகளையும் பதினொன்றாவதையும் மேசையில் வைத்தாள். கீழிருந்து ஈயத்தையும் வரவழைத்திருந்தாள். அவர் கதவோரம், பெரிய பூங்கொத்து ஒன்றுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்து நின்றார்.

"இந்தப் பத்துச் சீட்டையும் பாருங்க. எல்லாத்துலயும் சாவுச் சேதி சொன்னவங்க பேர் இருக்கு. மருமகன், தங்கச்சி, பேரன், டாக்டர். மின்னல் அம்மா சீட்டுல மட்டும் யாரும் இல்ல. சேதி தானா நடந்து வராது. யாரும் சொல்லலன்னா, சேதியே வரல. அப்ப இது சாவைக் குறிச்ச சீட்டே இல்ல."

"வேற எதைக் குறிச்சது?"

"ஒருத்தர் தனக்காக எழுதிக்கிட்ட குறிப்பு. எந்தத் தேதி போகணும், எந்தப் படகு, என்ன பூ வாங்கணும். வெள்ளிக்கிழமை மதியம் நாங்க சாப்பிடப் போனப்ப, அவர் மேல் இழுப்பறையைத் திறந்து இவங்க உறையைப் படிச்சாரு. போட்டோவைப் பையில வச்சுக்கிட்டாரு. சாவுச் சேதி எழுத வந்தவன் போட்டோவ ஏன் எடுக்கணும்? அவருக்குத் தேவைப்பட்டது சேதி இல்ல. இவங்கதான்."

மின்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படிச்சிட்டு இருக்கறப்ப நாங்க வர்ற சத்தம் கேட்டிருக்கு. பதறிப்போய், குறிப்பெழுதின சீட்டோட உறையைக் கைக்குக் கிடைச்ச இழுப்பறையில தள்ளிட்டாரு. அது கீழ் இழுப்பறை. வேற ஆபீஸா இருந்தா, உறை இடம் மாறிடுச்சுன்னு விட்டிருப்பாங்க. நம்ம ஆபீஸ்ல இடம் மாறினா ஆள் காலி."

"யாருன்னு சொல்லும்மா!"

"மூணு பேர்கிட்டதான் சாவி. மணியக்கா எழுத்து உருண்டை. ஓவியர் எழுத்து கோழி கிளறின மாதிரி."

"நன்றி," என்றார் ஓவியர்.

"பதினாலு வருஷமா இந்த ஆபீஸ்ல எல்லார் கையெழுத்தையும் படிக்கிறேன். முதலாளி, உங்களுதுகூட. ஆனா இந்தச் சீட்டோட எழுத்து எனக்குத் தெரியாத எழுத்து. வெளியாள் வேலையோன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. இங்க ஒருத்தர் கையெழுத்தை நான் பார்த்ததே இல்ல. ஏன்னா அவர் எழுதறதே இல்ல. கோக்குறாரு. லீவு சீட்டைக்கூட எழுத்துல கோத்து, அச்சடிச்சுத்தான் குடுத்தாரு. பாருங்க இந்தச் சீட்டை, எழுத்து ஒவ்வொண்ணும் பக்கத்து எழுத்தைத் தொடாம, ஈய எழுத்து மாதிரி தனித்தனியா நிக்குது. பதினேழாம் தேதிக்கு அடுத்த வேலை நாள்லேர்ந்து அவருக்குப் பல்வலி. இன்னைக்கு அந்தப் பல்லால கடலை மெல்றாரு."

எல்லார் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது.

பூங்கொத்து நடுங்கியது. ஈயம் வெளியே வந்தார். ஒரு பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்னொரு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். ராஜினாமாக் கடிதம். அழகாக அச்சடித்து, நாலு பக்கமும் கொடிக் கரை வைத்திருந்தது. பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை.

"போன வருஷம் பேட்டிக்கு வந்தப்ப அச்சுக்கூடத்துக்கு வந்தாங்க," என்றார் ஈயம், தரையைப் பார்த்துக்கொண்டு. "மிஷினைத் தொட்டுப் பாத்து, 'இது உங்களைத் தவிர வேற யார் சொன்னாலும் கேக்குமா'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதாங்க. அவங்ககிட்டயே பேசத் தைரியம் இல்லாம உறைகிட்டப் போய்க் கேட்டேன். கொல்லணும்னு நினைக்கல."

முதலாளி கடிதத்தைப் பார்த்தார். சித்திரகுப்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

"முதலாளி, ஒரு விஷயம்," என்றாள். "செத்தது இவங்க. தீர்ப்பு சொல்ல வேண்டியதும் இவங்கதானே?"

முதலாளி மீண்டும் தும்மினார். அந்த அம்மாள் வழக்குப் போட்டால் பத்திரிகையையே விற்க வேண்டிவரும் என்பது அந்தத் தும்மலுக்குள் அவருக்கு விளங்கியது. "அம்மா, நீங்களே சொல்லுங்க," என்றார்.

மின்னல் எழுந்து ஈயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உயரத்தை அளந்தார். தோளை அளந்தார்.

"அந்தரத்துல எதிர்ல வர்றவன் கையைப் பிடிக்கிறவ நான். பிடிக்கிற கை நடுங்கினா நான் தாவவே மாட்டேன். கையை நீட்டுங்க."

ஈயம் நீட்டினார். கரி படிந்த, தடித்த கை. நடுங்கவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

"கை பாஸ். நாக்குதான் ஃபெயில்," என்றார் மின்னல். "தீர்ப்பு இதுதான். இவர் வேலையில இருக்கணும். எழுதினவரும் இருக்கணும், பக்கமும் இருக்கணும். என்னோட சேர்ந்து செத்தாங்களே அந்தப் பத்துப் பேர், அவங்களை நான் படிச்சேன். அந்தக் கணக்குக்காரரை எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சேன்னு வருத்தமா இருக்கு. அப்படிப்பட்ட பக்கத்தை நிறுத்துறதா? அப்புறம், நான் உயிரோட இருக்கேன்னு இவரே கோத்து அச்சடிக்கணும். இன்னைக்கு சாயங்காலம் அக்கரை வரைக்கும் இவர் பேசிக்கிட்டே வரணும். என்ன பேசினாலும் சரி, வானிலையா இருந்தாலும் சரி."

முதலாளி ராஜினாமாக் கடிதத்தை நான்காக மடித்து, அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மாலை 5.10.

மறுப்புச் செய்தியின் முதல் அச்சுப்படி பூதக்கண்ணாடியின் மேசைக்கு வந்தது. சித்திரகுப்தன் எழுதியிருந்தார். உயிரோடு இருப்பவரைப் பற்றி அவர் எழுதும் முதல் செய்தி. நான்கு முறை அடித்து அடித்து எழுதினாராம். ஈயம் கோத்திருந்தார். கைகளைக் கழுவி, தலையை வாரி, புதுச் சட்டையோடு அவரே படியேறிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். பெயர் சரி. தேதி சரி. 'நலமுடன் இருக்கிறார்' சரி. அடுத்த வரியில் பேனா நின்றது. வயது ஐம்பத்தெட்டு என்று இருந்தது. உறையில் அறுபத்தொன்று. கணவரின் கையெழுத்துப் படியிலும் அறுபத்தொன்றுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஈயம் கூரையைப் பார்த்தார். அவர் காது சிவந்துகொண்டே போனது. கீழே வாசலிலிருந்து ஒரு குரல், "வர்றீங்களா, படகு போயிடும்!" என்று கணீரென்று கேட்டது.

பதினான்கு வருடங்களில் முதல்முறையாகப் பூதக்கண்ணாடி ஒரு பிழையின் முன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பேனாவை மூடிவிட்டு, பென்சிலை எடுத்துத் தாளின் அடியில் எழுதினாள்:

"சரிபார்த்தேன். பிழை இல்லை."